கழிவுநீர்ல கரைஞ்ச உலோகத்த எப்படி வெளிய எடுக்குறாங்க: குரோமியத்துல இருந்து சீசியம் வரைக்கும்

போன மாசம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான், பதினொன்னாவது படிக்கிறான், நான் வேலை பாக்குற இடத்தப் பத்தி என்னென்னமோ கேட்டுட்டு இருந்தவன் நடுவுல "மாமா, தண்ணில குரோமியம் இருந்தா நல்லா கொதிக்க வச்சா போயிடாதா"ன்னு கேட்டான். நல்ல கேள்விதான். கெட்ட தண்ணின்னாலே நமக்கு கிருமிதான் ஞாபகத்துக்கு வரும், கிருமின்னா கொதிக்க வை, குளோரின் போடுன்னு சின்ன வயசுல இருந்தே கேட்டு வளந்திருக்கோம். ஆனா உலோகம் இருக்குற தண்ணிய கொதிக்க வச்சா என்ன ஆகும்னு யோசிங்க, ரசம் சுண்டச் சுண்ட உப்பு ஏறுதுல்ல, அதே கதைதான், தண்ணி ஆவியாகிப் போயிடும், உலோகம் அப்படியே பாத்திரத்துலயே நிக்கும், முன்னைவிட காட்டமா.

நான் ராணிப்பேட்டை பக்கம் தோல் ஷாப் தண்ணி சுத்திகரிக்கிற பிளாண்ட் ஒன்னுல லேப்ல இருக்கேன். அன்னிக்கு அவனுக்கு ஒரு மணி நேரம் சொன்னத கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன், கெமிஸ்ட்ரி மறந்து போனவங்களுக்கும் புரியணும்.

முதல்ல ஒன்ன மனசுல வாங்கிக்கணும். சாணி மட்கும், இலை மட்கும், சோறு மட்கும், ஈயம் மட்காது. வீட்டு சாக்கடைத் தண்ணில இருக்குற அழுக்க பாக்டீரியா தின்னு கார்பன் டை ஆக்சைடா மாத்தி காத்துல விட்டுடும், அதோட அந்த அழுக்கு கதை முடிஞ்சுது. ஈயம், பாதரசம், குரோமியம், காட்மியம் எல்லாம் தனிமங்கள், அத உடைச்சு வேற ஒன்னா ஆக்க எந்த பாக்டீரியாவாலயும் முடியாது, நெருப்பாலயும் முடியாது. நம்மால முடிஞ்சது தண்ணில கரைஞ்சு கண்ணுக்குத் தெரியாம ஓடுறத கைல அள்ளுற மாதிரி ஒரு கெட்டிப் பொருளா மாத்தி, தண்ணியையும் அதையும் பிரிச்சு வைக்கிறது மட்டும்தான். எத்தனை பெரிய மெஷின் வந்தாலும், எந்த நாட்டு டெக்னாலஜியா இருந்தாலும், செய்யுற வேலை இது ஒன்னுதான். அதனால எவனாவது வந்து "சார் எங்க மெஷின் உலோகத்த அழிச்சிடும்"னு சொன்னா அவன் சொல்றது பொய்.

எவ்ளோ கொஞ்சம் இருந்தா ஆபத்துன்னும் தெரிஞ்சுக்கணும். லிட்டருக்கு 1 மில்லிகிராம்னா 1000 லிட்டர் மொட்டை மாடித் தொட்டில 1 கிராம்னு அர்த்தம். நம்ம நாட்டு பொது விதிப்படி ஆறு, ஏரில விடுற ஆலைத் தண்ணில ஆறு சார்ஜ் குரோமியம் (குரோமியத்துலயே ரொம்ப பொல்லாத வகை, கீழ சொல்றேன்) லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது, அதாவது 10,000 லிட்டர் டேங்கர் லாரி முழுக்க சேத்து 1 கிராம். பாதரசத்துக்கு 0.01, அப்போ பத்து லாரிக்கு 1 கிராம். இவ்ளோ கொஞ்சத்த போய் புடிக்கணுமான்னு தோணும், மினமாட்டாவ நினைச்சுப் பாத்தா தோணாது. ஜப்பான்ல அந்த ஊர் விரிகுடால ஒரு ரசாயன ஆலை பாதரசம் கலந்த தண்ணிய வருஷக்கணக்கா விட்டுச்சு, கடல் பெருசுதானே கலந்து போயிடும்னு விட்டது, பாசில இருந்து சின்ன மீன், சின்ன மீன்ல இருந்து பெரிய மீன்னு படிப்படியா ஏறி கடைசில மீன் தின்ன குடும்பங்களோட நரம்புல போய் உக்காந்துச்சு, 1956ல நோய்னு கண்டுபிடிச்சாங்க, ஆனா 1968 வரைக்கும் அந்தத் தண்ணி போயிட்டேதான் இருந்துச்சு.

சரி, எப்படிப் பிரிக்கிறது. எனக்கு நல்லா தெரிஞ்ச குரோமியத்துல இருந்தே வர்றேன்.

குரோமியம் ரெண்டு வேஷத்துல வரும். மூணு சார்ஜ் குரோமியம் பச்சையா இருக்கும், தோல் ஷாப்ல ட்ரம்ல போட்டு தோல பதப்படுத்துறது இதான், பேசிக் குரோம் சல்ஃபேட்னு மூட்டைல வரும். ஆறு சார்ஜ் குரோமியம் மஞ்சள், காட்டமா இருந்தா ஆரஞ்சு. இது ரொம்ப பொல்லாதது, புற்றுநோய் வரவைக்கும். ஏன்னா தண்ணில அது குரோமேட்டா இருக்கும்போது பாக்குறதுக்கு சல்ஃபேட் மாதிரியே இருக்கும், நம்ம செல்லுக்கு சல்ஃபேட் தேவை, அதுக்குன்னு வாசல் வச்சிருக்கு, அந்த வாசல் வழியா இது உள்ள போயிடும். மூணு சார்ஜ்காரனுக்கு அந்த வாசல் திறக்காது.

சுத்திகரிக்கிற நமக்கு இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்னு இருக்கு. மூணு சார்ஜ் குரோமியம் இருக்குற தண்ணில சுண்ணாம்ப போட்டு பிஹெச்ச, அதாவது தண்ணி ஆசிடா காரமான்னு காட்டுற அளவ (7க்கு கீழ ஆசிட், மேல காரம்), 8, 8.5க்கு ஏத்தினா அது குரோமியம் ஹைட்ராக்சைடா மாறி கரையாம நின்னுடும். வெள்ளையா ஒரே மாதிரி இருந்த பால்ல எலுமிச்சம்பழத்த புழிஞ்சா திரிஞ்சு திப்பி திப்பியா பிரியுதுல்ல, பாக்குறதுக்கு கிட்டத்தட்ட அப்படி இருக்கும், தெளிவா இருந்த தண்ணில இருந்து பச்சைக் கஞ்சி மாதிரி ஒன்னு கிளம்பி வரும். ஆனா ஆறு சார்ஜ் குரோமியத்துக்கு எவ்ளோ சுண்ணாம்பு போட்டாலும் அசையாது, எந்த பிஹெச்லயும் கரைஞ்சே இருக்கும். அதனால அத முதல்ல மூணு சார்ஜா இறக்கணும். ஆசிட் ஊத்தி பிஹெச்ச 2க்கும் 3க்கும் நடுவுல கொண்டு வந்து சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டா கண்ணு முன்னாடியே மஞ்சள் போயி பச்சை வரும். அதுக்கப்புறம்தான் சுண்ணாம்பு. இந்த வரிசைய மாத்துனா வேலை நடக்காது.

நான் வேலைக்கு சேந்த புதுசுல என்னை கூட வச்சு சொல்லிக் குடுத்த ஆபரேட்டர் அண்ணன் ஒருத்தர் இருந்தாரு, மீட்டர் என்ன காட்டுதுன்னு பாக்குறதுக்கு முன்னாடியே ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணிய மோந்து வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு. "தம்பி, மஞ்சள் துளி இருக்குற வரைக்கும் சுண்ணாம்புகிட்ட போகாத"ம்பாரு. கண்ணுக்குத் தெரியாத அளவு மிச்சத்துக்கு டைஃபினைல் கார்பசைடுன்னு ஒரு கரைசல் இருக்கு, ஆசிட் சேத்த தண்ணில சொட்டு விட்டா ஆறு சார்ஜ் குரோமியம் துளியூண்டு இருந்தாக்கூட ஊதா கலர் வந்து காட்டிக் குடுத்துடும், நான் தினமும் செய்யுற டெஸ்ட் அது.

பிஹெச்ச ஏத்துறதுலயும் ஒரு வம்பு இருக்கு, அதுல நானே மாட்டியிருக்கேன். சுண்ணாம்பு தீந்து போன ஒரு நாள் காஸ்டிக் சோடாவ டோஸ் பண்ணோம், நைட் ஷிஃப்ட், பம்ப் கொஞ்சம் அதிகமா ஓடி பிஹெச் 12 கிட்ட போயிடுச்சு, அழகா கீழ இறங்கிட்டு இருந்த பச்சைக் கஞ்சி கொஞ்சம் கொஞ்சமா திரும்பி தண்ணிக்குள்ளயே கரைய ஆரம்பிச்சிடுச்சு. அதிகமா காரம் ஆனா குரோமியம் ஹைட்ராக்சைடு மறுபடி கரையும்னு காலேஜ்ல படிச்சதுதான், படிச்சது வேற, விடிகாலை மூணு மணிக்கு டாங்க் முழுக்க பாக்குறது வேற. மொத்தத்தையும் திரும்ப ஆசிட் விட்டு இறக்கி செட்டில் பண்ண மறுநாள் மத்தியானம் ஆச்சு. எந்த உலோகத்துக்கும் அதுக்குன்னு ஒரு பிஹெச் இருக்கு, அங்கதான் அது ரொம்பக் கம்மியா கரையும். குரோமியத்துக்கு 8 பக்கம், செம்புக்கு 9 பக்கம், நிக்கலுக்கு 10க்கு மேல. ஒரே தண்ணில மூணும் இருந்தா, முலாம் பூசுற பட்டறைகள்ல அப்படித்தான் இருக்கும், ஒருத்தனுக்கு சரியா வச்சா இன்னொருத்தன் தப்பிச்சிடுவான். அதனால ஒவ்வொரு லைன் தண்ணியையும் தனித்தனியா வாங்கணும்னு நாங்க தலைதலையா அடிச்சுக்கிறோம், முக்கியமா சயனைடு இருக்குற தண்ணிய ஆசிட் தண்ணியோட ஒரே குழில விடவே கூடாது, வர்ற வாயு ஆள கொன்னுடும்.

கரையாம நின்ன துகள் ரொம்ப சின்னதா இருக்கும், தானா கீழ இறங்க நேரம் எடுக்கும். அந்தக் காலத்துல கலங்கத் தண்ணிய தெளிய வைக்க பானை உள்பக்கம் தேத்தாங்கொட்டைய உரசுவாங்க, இல்ல படிகாரத்த ஒரு சுத்து சுத்துவாங்க, அந்த வேலைதான் இங்கயும். ஆலமும் (அதே படிகாரம்தான்) பாலியும் (துகள்கள ஒட்ட வைக்கிற பாலிமர்) போட்டா சின்னச் சின்ன துகள் ஒன்னோட ஒன்னு ஒட்டி பெருசாகி கனமாகி கிளாரிஃபையர்ங்குற தெளிய வைக்கிற தொட்டில கீழ உக்காரும், அடில இருக்குற ஸ்லட்ஜ, அதாவது அந்தச் சேத்த, பம்ப் பண்ணி ஃபில்டர் ப்ரெஸ்ல அழுத்தினா தண்ணி வடிஞ்சு கேக்கா வந்து விழும்.

தோல் ஷாப்ல இன்னொரு நல்ல வழியும் உண்டு. ட்ரம்ல போடுற குரோமியத்துல சுமாரா மூணுல ரெண்டு பங்குதான் தோலுக்குள்ள ஏறும், மிச்சம் அந்தத் தண்ணிலயே தங்கிடும். அந்தத் தண்ணிய மட்டும் தனியாப் புடிச்சு மெக்னீசியம் ஆக்சைடு போட்டா குரோமியம் கெட்டியா கீழ இறங்கும், மேல் தண்ணிய வடிச்சிட்டு சல்ஃபியூரிக் ஆசிட்ல கரைச்சா மறுபடி ட்ரம்ல போடுற சரக்கே கைக்கு வந்துடும். கழிவா போயிருக்க வேண்டியது திரும்ப தோலுக்கே போகுது. எனக்கு இந்த மொத்த தொழில்லயே ரொம்பப் பிடிச்ச வேலை இதான், செய்யாம விடுறவங்கள பாத்தா மனசு பொறுக்க மாட்டேங்குது.

பாதரசத்துக்கு சுண்ணாம்பு சரிப்படாது, அதுக்கு கந்தகம்தான் ஜோடி. சித்த வைத்தியத்துல சாதிலிங்கம்னு ஒன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ரசமும் கந்தகமும் சேந்த சிவப்புப் பொருள், பூமில இயற்கையாவே கிடைக்குது, பாதரசம் உலகத்துல பெரும்பாலும் அந்தப் பாறையாத்தான் புதைஞ்சு கிடக்கு. ஏன் அப்படி கிடக்குன்னா அந்த ரெண்டும் சேந்தா தண்ணில கரையவே கரையாதுங்குற அளவுக்கு கெட்டி. அதனால கழிவுநீர்ல சல்ஃபைடு டோஸ் பண்ணா பாதரசம் சல்ஃபைடா மாறி கருப்பா கீழ இறங்கும். அளவு மீறி போட்டா கொஞ்சம் திரும்பக் கரையும், பிஹெச் இறங்கினா அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற விஷ வாயுவும் வரும், அதனால இது கண்ணுல எண்ணெய விட்டுகிட்டு பாத்துக்க வேண்டிய வேலை.

இதெல்லாம் பண்ணியும் கொஞ்சூண்டு மிச்சம் தண்ணில தங்கும். அத எடுக்கத்தான் அயன் எக்ஸ்சேஞ்ச், அதாவது அயன்கள (சார்ஜ் உள்ள அணுக்கள) இடம் மாத்துறது. கடுகு சைஸ்ல பிளாஸ்டிக் மணிகள், அதுமேல நெகட்டிவ் சார்ஜ் உள்ள இடங்கள், ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சோடியம் உக்காந்திருக்கும். டவுன் பஸ்ல துண்டு போட்டு இடம் புடிச்சு வைக்கிற ஆள் மாதிரி வச்சுக்கோங்க அந்த சோடியத்த, ஈயமோ செம்போ வந்ததும் எந்திரிச்சு இடத்த குடுத்துட்டு தண்ணியோட இறங்கிப் போயிடும். எல்லா சீட்டும் ரொம்பினதும் உப்புத் தண்ணியோ ஆசிடோ காட்டமா விட்டு உலோகத்த இறக்கிவிட்டா மணிகள் மறுபடி ரெடி. ஆனா இறங்கின உலோகம் இப்போ ஒரு சின்ன தொட்டி காட்டமான தண்ணில இருக்கு, அதுக்கு மறுபடி சுண்ணாம்பு வைத்தியம்தான். ஆர்ஓவும் இதே மாதிரிதான், ஒரு பக்கம் நல்ல தண்ணி, இன்னொரு பக்கம் எல்லா அழுக்கும் சேந்த ரிஜெக்ட், அந்த ரிஜெக்ட்ட என்ன பண்றாங்கன்னு கேக்காம ஆர்ஓ போட்டாச்சுன்னு சொன்னா பாதி பதில்தான். ஆகாயத்தாமரை மாதிரி செடிங்களும் உலோகத்த உறிஞ்சும், ஆனா உறிஞ்சின செடிய அறுத்து பத்திரமா ஒதுக்கலேன்னா அழுகி அதே குளத்துல விட்டுடும்.

இப்போ கதிரியக்க உலோகங்களுக்கு வர்றேன், பையன் இங்கதான் நிமிந்து உக்காந்தான். சீசியம், ஸ்ட்ரான்சியம், ரேடியம், யுரேனியம். இதுங்களுக்குன்னு தனி கெமிஸ்ட்ரி கிடையாது, கதிரியக்க சீசியமும் சாதா சீசியமும் தண்ணில ஒரே மாதிரிதான் நடந்துக்கும், அதனால மேல சொன்ன வழிகள்தான் இங்கயும். சுத்திகரிப்பால கதிர்வீச்சு துளி கூட குறையாது, அது அந்த அணுவோட உள்ள நடக்குற சமாச்சாரம், காலம் போனாத்தான் குறையும். சீசியம்-137 பாதியாக 30 வருஷம், ரேடியம்-226க்கு 1600 வருஷம், யுரேனியம்-238க்கு 450 கோடி வருஷம்.

வித்தியாசம் எங்க வருதுன்னா அளவுல. 1 கிராம் சீசியம்-137ல ஒரு செகண்டுக்கு சுமார் 3.2 லட்சம் கோடி அணு சிதையும். குடிதண்ணில லிட்டருக்கு செகண்டுக்கு 10 சிதைவு, அதாவது 10 பெக்கரல், இதான் உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்குற வழிகாட்டு அளவு. வகுத்துப் பாருங்க, 32 ஆயிரம் கோடி லிட்டர் வரும், சுமார் 11 டிஎம்சி. சென்னைக்கு தண்ணி குடுக்குற பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் முழுசா ரொம்பி நின்னா மொத்தம் கிட்டத்தட்ட அவ்ளோதான். ஒரே ஒரு கிராம் அந்த நாலு ஏரியையும் வரம்புக்கு கொண்டு வந்து நிறுத்திடும்.

அப்போ கழிவுநீர்ல ஆபத்தான அளவுங்கறது எடை கணக்குல பாத்தா ஒன்னுமே இல்லாத மாதிரி. ஒன்னு கீழ படியணும்னா அது படியுற அளவுக்காவது தண்ணில இருக்கணும்ல? பத்து பதினஞ்சு பேர் தனித்தனியா கூட்டத்துல சிதறிக் கிடந்தா அவங்க எப்படி ஒன்னு சேந்து ஊர்வலம் போவாங்க, அந்த நிலைமை. அதுக்கு ஒரு தந்திரம் வச்சிருக்காங்க, அதே சாயல்ல இருக்குற இன்னொரு உலோகத்த நாமளே சேத்து, அந்தக் கூட்டத்தோட கூட்டமா இத இழுத்துட்டுப் போறது. யுரேனியம் சுரங்க ஆலைத் தண்ணில ரேடியத்த இப்படித்தான் எடுக்குறாங்க, ஜார்க்கண்ட்ல ஜாதுகுடாலயும் இதே முறை. தண்ணில ஏற்கனவே சல்ஃபேட் இருக்கும், பேரியம் குளோரைடு போட்டா பேரியம் சல்ஃபேட் வெள்ளையா படியும், ரேடியம் பேரியத்தோட பங்காளி, பீரியாடிக் டேபிள்ல அதுக்கு நேர் கீழ, அதனால அந்தப் படிகத்துக்குள்ளயே இதுவும் போய் உக்காந்து கீழ இறங்கிடும்.

சீசியத்துக்கு இன்னும் கஷ்டம், அது பொட்டாசியத்தோட சாயல், எதோட சேந்தாலும் சுலபமா கரையுற ஜாதி. ஆனா அதுக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணில இருக்குற ஒவ்வொரு அயனும் தண்ணி மூலக்கூறுகள போர்வை மாதிரி போத்திக்கிட்டுத்தான் திரியும், சோடியமும் கால்சியமும் அந்தப் போர்வைய கெட்டியாப் புடிச்சிருக்கும், சீசியம் லேசா உதறிட்டுப் போயிடும். ஜியோலைட்னு எரிமலைச் சாம்பல்ல இருந்து உருவாகுற ஒரு கனிமம் இருக்கு, உள்ள முழுக்க நுணுக்கமான ஓட்டைகள், போர்வைய கழட்டின சீசியம் அந்த ஓட்டைக்குள்ள கச்சிதமா போய் மாட்டிக்கும். இங்கிலாந்துல செல்லாஃபீல்டு அணு வளாகத்துல 1985ல இருந்து இப்படி ஒரு இயற்கை ஜியோலைட் படுகை வழியாத்தான் தண்ணிய விடுறாங்க. இன்னொன்னு பிரஷ்யன் ப்ளூ, ஓவியர்கள் பயன்படுத்துற அதே நீலம்தான், அந்தப் படிகம் ஒரு சின்ன கூண்டு மாதிரி, சீசியம் உள்ள போனா வெளிய வராது. 1987ல பிரேசில்ல கோயானியா ஊர்ல கைவிட்ட ஆஸ்பத்திரி கட்டடத்துல இருந்த கதிர் சிகிச்சை கருவிய உடைச்சு சீசியம் தெரு முழுக்க பரவினப்போ, உடம்புக்குள்ள சீசியம் போனவங்களுக்கு இந்த நீலத்தையே மருந்தா குடுத்து வெளிய கொண்டு வந்தாங்க.

ஜப்பான்ல ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துல 2011ல விபத்து நடந்தப்போ இது எல்லாமே ஒன்னா தேவைப்பட்டுச்சு. உருகின எரிபொருள குளிர வைக்க கடல்தண்ணியையே அடிச்சாங்க, அதனால சீசியம் துளியூண்டு, சோடியம் மலையளவு. சாதா ரெசின் மணிய போட்டா சோடியமே எல்லா சீட்டையும் புடிச்சுக்கும், சீசியத்த மட்டும் பாத்து எடுக்குற ஜியோலைட் மாதிரி சரக்குதான் வேலைக்கு ஆச்சு. ஸ்ட்ரான்சியம் கால்சியத்தோட ரெட்டைப் பிறவி, உடம்புக்குள்ள போனா எலும்புல உக்காரும், அத கால்சியத்துல இருந்து பிரிக்கிறது இன்னும் நுணுக்கம், முதல்ல கார்பனேட்டா படிய வச்சுட்டு மிச்சத்துக்கு டைட்டனேட் மாதிரி பொருள் வச்சாங்க. 2013ல ஓட ஆரம்பிச்ச ஆல்ப்ஸ்ங்குற பிளாண்ட் 62 வகை கதிரியக்க அணுக்கள எடுக்குற மாதிரி கட்டுனது. அதுலயும் மாட்டாதது ட்ரிட்டியம். ஏன்னா ட்ரிட்டியம் கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜனே தான், தண்ணில கரைஞ்சிருக்குற பொருளா இல்லாம தண்ணியாவே இருக்கு, தண்ணில இருந்து தண்ணிய எப்படி வடிகட்டுறது. ஆயிரத்துக்கு மேல தொட்டிகள்ல சேத்து வச்சத 2023 ஆகஸ்ட் 24ல இருந்து லிட்டருக்கு 1500 பெக்கரலுக்குக் கீழ வர்ற மாதிரி கடல்தண்ணி கலந்து விடுறாங்க.

"சரி மாமா, புடிச்ச சீசியம் எங்க?"ன்னு கேட்டான் பையன். சீசியத்த புடிச்ச சரக்கு இருக்குற கலன்கள ஃபுகுஷிமா வளாகத்துலயே அடுக்கி வச்சிருக்காங்க. நம்ம நாட்டுல ரொம்ப காட்டமான அணுக்கழிவ போரோசிலிக்கேட் கண்ணாடியோட உருக்கி கண்ணாடியாவே ஆக்கிடுவாங்க, ட்ராம்பே, தாராபூர், நம்ம கல்பாக்கத்துல அந்த வசதி இருக்கு. கழிவுல இருந்து பிரிச்ச சீசியத்த பென்சில் மாதிரி கண்ணாடிக் குச்சியா வார்த்து ரத்த வங்கிகள்ல ரத்தத்துக்கு கதிர் காட்டுற கருவிக்கு பாபா அணு ஆராய்ச்சி மையம் குடுக்குது, எதிர்ப்பு சக்தி இல்லாத நோயாளிக்கு ஏத்துற ரத்தத்துல அடுத்தவங்க வெள்ளணுக்கள் பெருகி அவங்க உடம்பையே தாக்காம இருக்க அது தேவை.

எங்க ஃபில்டர் ப்ரெஸ் கேக்குக்கு அவ்ளோ கவனிப்பு கிடையாது, அது எனக்கு ரொம்ப நாளா இருக்குற வருத்தம். முறைப்படி அத காய வச்சு, தேவைப்பட்டா சிமெண்டோட கலந்து கெட்டியாக்கி, கும்மிடிப்பூண்டில இருக்குற மாதிரி அடில பிளாஸ்டிக் விரிப்பும் களிமண்ணும் போட்ட பாதுகாப்பான குழிக்கு லாரில அனுப்பணும், ஒவ்வொரு லோடுக்கும் கணக்கு எழுதணும். தோல் ஷாப் கழிவு பாலாற கெடுத்தது சம்பந்தமான வழக்குல 1996 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் கெடுத்தவன்தான் செலவ ஏத்துக்கணும்னு சொன்னதுக்கப்புறம் பிளாண்ட்லாம் நிறைய வந்துச்சு. ஆனா சேந்த ஸ்லட்ஜ என்ன பண்றதுங்குறது பின்னாடியே தங்கிடுச்சு. 2015 ஜனவரி கடைசில ராணிப்பேட்டை சிட்கோல பொது சுத்திகரிப்பு வளாகத்துல ஸ்லட்ஜ் தேக்கி வச்ச தொட்டிச் சுவர் ராத்திரில உடைஞ்சு, பக்கத்துல தூங்கிட்டிருந்த பத்து தொழிலாளிங்க அதுல மூழ்கி செத்தாங்க. தண்ணில இருந்து உலோகத்த பிரிச்சாச்சு, பிரிச்சத வைக்க இடம் இல்ல.

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைல 1990கள் நடுவுல மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை இருக்கு. குரோமைட் தாதுவ சோடா ஆஷோட சூளைல வறுத்து, தண்ணில கரைச்சு, வேண்டியத எடுத்துட்டு மிச்சத்த அப்படியே கொட்டி வச்சதுதான், ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல. நான் ஸ்கூல் படிச்சப்போ மழை விட்டதும் அந்தப் பக்கம் பள்ளத்துல தேங்குற தண்ணி எலுமிச்சம்பழ கலர்ல நிக்கும், அது என்னன்னு எங்களுக்கு யாரும் சொல்லல, நாங்களும் கால நனைச்சுகிட்டுத்தான் நடந்து போனோம். இத சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "மஞ்சள்னா ஆறு சார்ஜ் தானே மாமா"ன்னான்.